முடிந்தது என்று ஒரு மெயில்

எங்கள் சர்வர் அறை மேடம் எந்த வேலையை முடித்தாலும் வந்து "ஆச்சு சார்" என்பார். பிரிண்டரில் பேப்பர் போட்டால் ஆச்சு சார். டீ குடித்துவிட்டுத் திரும்பினால் வந்துட்டேன் சார். மழைக்கு ஜன்னலைச் சாத்தினால்கூட என் அறை வாசலில் தலை மட்டும் தெரியும். "ஜன்னல் சாத்தியாச்சு சார்." நான் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்பேன். அந்த "ம்" காதில் விழும்வரை நகர மாட்டார். முதல் ஆறு மாதம் இதை மரியாதை என்று நினைத்தேன். அடுத்த ஆறு மாதம் தொந்தரவு என்று நினைத்தேன். இரண்டும் இல்லை என்று புரிந்த நேரத்தில் நான் வசமாக மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஆடுகோடியில் செயற்கைக் கால் செய்து கொடுக்கும் மையம் ஒன்றில் அப்போது எனக்கு நிர்வாக மேலாளர் வேலை. கீழே பட்டறை, மாடியில் அளவெடுக்கும் அறை, அதை ஒட்டி மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய சர்வர் அறை. கால் இழந்தவர்கள் வருவார்கள். மிச்சமிருக்கும் பகுதியை ஒரு ஸ்கேனர் சுற்றிச் சுற்றி அளவெடுக்கும். அந்த அளவு சர்வருக்குப் போகும். பட்டறைக்காரர்கள் அதைப் பார்த்து, கால் உட்காரும் கிண்ணத்தைச் செய்வார்கள். அளவில் ஒரு நூல் பிசகினாலும் புண்ணாகிவிடும். அதனால் எங்களிடம் இருந்ததிலேயே விலை உயர்ந்த பொருள் மெஷின் எதுவும் இல்லை, அந்த அளவுகள்தான். அவற்றைப் பத்திரமாக வைத்திருப்பது அவர் பொறுப்பு.

அவர் முதலில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தவர். நீலசந்திராவில் வீடு. தமிழ், கன்னடம், தக்னி உருது மூன்றிலும் ஒரே வேகத்தில் பேசுவார், ஒரே வேகத்தில் சண்டையும் போடுவார். ரிசப்ஷனில் இருந்தபடியே ஏதோ கோர்ஸ் சேர்ந்து, பரீட்சை எழுதி, நாற்பது வயதுக்கு மேல் சர்வர் அறைக்கு வந்தார். அந்த அறையின் சாவியைத் தாலிச் சங்கிலியோடு சேர்த்துக் கோத்துப் போட்டிருந்தார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டும் கஷ்டப்பட்டு வந்தது சார்" என்றார்.

பேக்கப் சாஃப்ட்வேர் போட்ட நாள் நினைவிருக்கிறது. விற்ற கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். எல்லாம் முடித்து, கடைசியாக எந்தச் சேதிக்கு மெயில் அனுப்ப வேண்டும் என்ற பக்கத்துக்கு வந்தார். அதில் மூன்று பெட்டிகள். பேக்கப் நல்லபடி முடிந்தால், ஏதாவது எச்சரிக்கை இருந்தால், தோற்றுப்போனால். இன்ஜினியர் மூன்றாவது பெட்டியில் மட்டும் டிக் போட்டுவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"மூணுலயும் போடுங்க" என்றார் இவர்.

"யாரும் அப்படிப் போட மாட்டாங்க மேடம். ஃபெயில் ஆனா மட்டும் மெயில் வந்தா போதும். இல்லேன்னா தினம் மெயிலா கொட்டும், பேஜாரு."

"ஃபெயில் ஆச்சுன்னு சொல்ல வேண்டியவனே ஃபெயில் ஆயிட்டா?"

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. "போட்டுடுங்க" என்றேன். மூன்று பெட்டியிலும் டிக் விழுந்தது. அடுத்து, எந்த மெயில் முகவரியிலிருந்து அனுப்புவது, அதன் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டது. ஆபீஸின் பொது மெயிலைக் கொடுத்தோம். சோதனை மெயில் அனுப்பும் பொத்தானை அழுத்தினார்கள். இவருடைய போன் சிணுங்கியது. வந்திருந்த வரியை எங்கள் இருவருக்கும் உரக்க வாசித்துக் காட்டினார். இன்ஜினியர் அதற்கு ஒரு சம்பிரதாயச் சிரிப்பு சிரித்தார்.

சர்வர் அறைச் சுவரில் அவர் போகும் சர்ச்சின் காலண்டர் ஒன்று தொங்கும், நாளுக்கு ஒரு வசனத்தோடு. பேக்கப் ஒரு நாளைக்கு ஆறு தடவை ஓடும், அதனால் ஆறு மெயில் வர வேண்டும். ஆறும் வந்துவிட்டால் அன்றைய கட்டத்தில் பச்சைப் பேனாவால் ஒரு டிக் போடுவார். மெயிலைத் திறந்து படிக்கவும் செய்வார். "நல்லபடி முடிந்தது என்று போட்டிருக்கிறதே, அதில் படிக்க என்ன இருக்கிறது" என்று கேட்டேன்.

"எவ்ளோ சைஸுன்னு பாப்பேன் சார். நேத்து நாலு ஜிபி, இன்னிக்கு அரை ஜிபின்னா எங்கியோ தப்பு."

ஒருமுறை அப்படித்தான் பிடித்தார். அளவெடுக்கும் அறையில் யாரோ ஸ்கேன்களை வேறெங்கோ சேமித்துக்கொண்டிருந்தார்கள். பேக்கப் என்னவோ வெற்றிகரமாக ஒன்றுமில்லாததைக் காப்பி எடுத்துவிட்டு, நல்லபடி முடிந்தது என்று மெயிலும் போட்டிருந்தது. கண்டுபிடித்துவிட்டு என் அறைக்கு வந்து அதையும் சொன்னார். நானும் "ம்" என்றேன்.

மெஷினிடம் மட்டும்தான் இந்தக் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். புதுக் கால் மாட்டிக்கொண்டு போகிற ஒவ்வொருவரிடமும், "வீட்டுக்குப் போனதும் ஒரு மிஸ்டு கால் குடுங்க" என்று சொல்லி அனுப்புவார். இது அவர் வேலையே இல்லை. கோலார், கிருஷ்ணகிரி, மாலூர் என்று எங்கெங்கோ பஸ் ஏறிப் போகிறவர்கள் நிஜமாகவே கொடுப்பார்கள். போன் இரண்டு ரிங் அடித்து நிற்கும். நம்பரைப் பார்த்து, "மாலூர்க்காரர் சேர்ந்துட்டாரு" என்று பொதுவாகக் காற்றில் சொல்வார். வராவிட்டால் இவரே கூப்பிட்டுத் திட்டுவார்.

எங்கள் வீட்டுப் பழக்கம் நேர்மாறு. மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். யார் எங்கே போனார்கள், எப்போது வருவார்கள் என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால் "எல்லாம் வந்துடுவா" என்று பதில் வரும். கெட்ட சேதியாக இருந்தால் தானாகவே வந்து சேரும், மற்றதெல்லாம் க்ஷேமம் என்று வளர்ந்தவன் நான். இதை ஒருநாள் பெருமையாக அவரிடம் சொன்னேன். "ஒண்ணும் வரலேன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம் மேடம்."

"செத்தவனும் சத்தம் போடாமதான் சார் இருப்பான்" என்றார். அதோடு பேச்சை முடித்துக்கொண்டேன்.

தினமும் காலை பதினொரு மணிக்கு அவருடைய அம்மாவிடமிருந்தும் ஒரு மிஸ்டு கால் வரும். மாத்திரை போட்டாயிற்று என்று பொருள். அம்மா பகலில் வீட்டில் தனியாக இருப்பவர். ஒரு செவ்வாய்க்கிழமை அது வரவில்லை. பதினொன்று பத்துக்கு இவர் கூப்பிட்டார், எடுக்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். அதற்குப் பிறகு நாற்காலியில் ஆளில்லை. எனக்குத் தெரிந்து அவர் சொல்லாமல் எழுந்து போனது அந்த ஒருமுறைதான். ஒரு மணி நேரம் கழித்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. "அம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க சார். இடுப்பு. ஆஸ்பத்திரில சேத்தாச்சு." சாயங்காலம்வரை அப்படியே கிடந்திருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்று டாக்டர்கள் சொன்னார்களாம்.

இதையெல்லாம் கேட்டு நான் உச்சுக் கொட்டினேன். எனக்கும் இதில் பாடம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் யோசிக்கவில்லை.

பன்னிரண்டு நாள் லீவு கேட்டார். போகுமுன் ஆறு மெயில்களும் எனக்கு வருகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். "காலைல ஒரு தடவை எண்ணிடுங்க சார். ஆறு வரணும். அவ்ளோதான்." பச்சைப் பேனாவையும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

முதல் நாள் எண்ணினேன். இரண்டாம் நாள் எண்ணியதாக வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. என் இன்பாக்ஸ் எப்போதும் துடைத்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும், அது எனக்கு ஒரு கிறுக்கு. முடிந்தது, முடிந்தது, முடிந்தது என்று வரிசையாக வந்தால் யாருக்குத்தான் ஆகும்? சர்வரைத் திறந்து அந்தப் பக்கத்துக்குப் போய், முதல் இரண்டு பெட்டிகளின் டிக்கையும் எடுத்துவிட்டேன். தோற்றுப்போனால் மட்டும் சொல், போதும். கம்பெனி இன்ஜினியரே அப்படித்தானே சொன்னார்.

அன்றைக்கு எனக்குச் சுத்தம் செய்கிற மூடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆபீஸ் மெயில் பாஸ்வேர்டு ரொம்ப நாளாக மாற்றாமல் கிடந்தது. அதையும் மாற்றினேன். அதே மெயிலில் புகுந்துதான் பேக்கப் சாஃப்ட்வேர் சேதி அனுப்புகிறது என்பது என் புத்திக்கு எட்டவில்லை. வாயைக் கட்டியதோடு நிற்காமல் வீட்டையும் பூட்டிவிட்டேன்.

மறுநாள் பேக்கப் எடுக்கிற டிஸ்க் நிரம்பிவிட்டது. நிரம்பப்போகிறது என்ற எச்சரிக்கை முந்தின நாளே எழுந்திருக்கும். அந்தப் பெட்டியில் டிக் இல்லை. இடமில்லாமல் பேக்கப் நின்றது. நின்றுவிட்டது என்று சொல்ல மெயில் அனுப்பிப் பார்த்தது. பாஸ்வேர்டு தப்பு என்று மெயில் திருப்பி அனுப்பியது. இப்படி ஒரு நாளைக்கு ஆறுமுறை எட்டு நாளும் முட்டியிருக்கிறது. நான் காலியான இன்பாக்ஸைப் பார்த்து நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் லீவின் கடைசி நாள் காலையில் கரண்ட் ஏறி இறங்கியதில் சர்வரின் டிஸ்க் போனது. நான் பதறவே இல்லை. அவரைக் கூப்பிட்டு, "மேடம், பேக்கப்லேர்ந்து எடுத்துப் போடணும், கொஞ்சம் வர முடியுமா?" என்று ஏதோ மறந்துபோன டிபன் பாக்ஸைக் கேட்கிற குரலில் கேட்டேன். அம்மாவைத் தங்கையிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தார். உட்கார்ந்தார். திரையில் வரிசையாகச் சிவப்பு. வேறெதோ ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தார், மூடினார்.

"கடைசியா நல்லபடி முடிஞ்சது எட்டு நாளைக்கு முன்னாடி சார்."

எட்டு நாளில் அளவு கொடுத்தவர்கள் முப்பத்துநாலு பேர். அத்தனை பேருடைய அளவும் போய்விட்டது.

மையத்தை நடத்துகிற டாக்டரம்மா மேலே வந்தார். கோபத்தில் அவர் குரல் ஏறாது, இறங்கும். இதை யார் பார்த்துக்கொண்டிருந்தது என்று கன்னடத்தில் கேட்டார். "யாரு நோட்கொள்தா இத்ரு?"

"மேடம் லீவில இருந்தாங்க டாக்டர்" என்றேன் நான்.

அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவ்வளவு சுத்தமான அயோக்கியத்தனத்தை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. லீவில் போகிறவர் மெயில் வருகிற மாதிரி ஒழுங்காக வைத்துவிட்டுப் போக வேண்டாமா என்று டாக்டரம்மா இவரைக் கேட்டார். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "பாத்திருக்கணும் டாக்டர்" என்றார். ஒன்றாம் தேதியிலிருந்து சர்வரை வெளிக் கம்பெனியிடம் கொடுத்துவிடலாம், இவர் பழையபடி ரிசப்ஷனுக்குப் போகட்டும் என்று முடிவாயிற்று. அவர் கை கழுத்துச் சங்கிலியில் இருந்த சாவிக்குப் போனதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

ஒன்றாம் தேதிக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தில் என்ன செய்தார் தெரியுமா? புது டிஸ்க் போட்டு, எட்டு நாளுக்கு முந்தையதையெல்லாம் மீட்டு, புதுப் பாஸ்வேர்டை என்னிடம் சாதாரணமாகக் கேட்டு வாங்கிப் போட்டு, மூன்று பெட்டியிலும் மறுபடி டிக் வைத்து, சோதனை மெயில் அனுப்பி, "ஆச்சு சார்" என்று என் வாசலில் வந்து நின்றார். என்னால் "ம்" சொல்லக்கூட முடியவில்லை. தலையை ஆட்டினேன்.

அப்புறம் ரிசப்ஷன் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு முப்பத்துநாலு பேரையும் கூப்பிட ஆரம்பித்தார். ஒருவரிடம் தமிழ், ஒருவரிடம் கன்னடம், ஒருவரிடம் தக்னி. மூன்றிலும் சொன்னது ஒன்றுதான். உங்கள் அளவு எங்களிடம் தொலைந்துவிட்டது, தப்பு எங்களுடையது, மன்னித்து இன்னொருமுறை வர வேண்டும். பக்கத்து அறையில் உட்கார்ந்து முப்பத்துநாலு முறையும் கேட்டேன். சர்வர் கெட்டுவிட்டது என்றோ கரண்ட் போனது என்றோ ஒருவரிடமும் சொல்லவில்லை.

முதலில் வந்தவர் மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் பூக்கட்டும் பெரியவர். இரண்டு பஸ் மாறி, பழைய காலை மாட்டிக்கொண்டு, படியில் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். "இன்னொரு வாட்டி கழட்டணுமாம்மா?" என்றார்.

"ஆமாண்ணா. எங்க தப்புதான்." இவரே தரையில் மண்டியிட்டு வாரை அவிழ்த்தார். உள்ளே துணி ஒட்டிக் கொஞ்சம் புண்ணாகியிருந்தது.

"விடும்மா. காலே போச்சு, அளவு போனா என்ன" என்று அவர் சிரித்தார். இவரும் சிரித்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வராண்டாவுக்குப் போய்விட்டேன். பெரியவர் கிளம்பும்போது இவர் குரல் கேட்டது. "வீட்டுக்குப் போனதும் மிஸ்டு கால் குடுங்கண்ணா."

மூன்றரை மணிக்கு இவர் போன் இரண்டு ரிங் அடித்து நின்றது. "மல்லேஸ்வரத்துக்காரர் சேர்ந்துட்டாரு" என்றார், எப்போதும்போல யாருக்கென்று இல்லாமல்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இதை வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. ஒற்றைக் காலோடு இரண்டு பஸ் மாறிப் போனவர் மறக்காமல் போனை எடுத்துச் சேதி சொல்லியிருக்கிறார். பத்தடி தள்ளி இரண்டு காலோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு நாலு நாளாக வாய் வரவில்லை. மெயிலைத் திறந்தேன். டாக்டரம்மாவுக்கு எழுதி, இவருக்கும் ஒரு காப்பி போகும்படி வைத்தேன். பெட்டிகளின் டிக்கை எடுத்தது நான். பாஸ்வேர்டை மாற்றியது நான். இரண்டையும் அவரிடம் சொல்லவில்லை. எண்ணிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் போனார், நான் எண்ணவில்லை. அன்று நீங்கள் கேட்டபோது இதைச் சொல்லாமல் அவர் லீவைச் சொன்னேன். அனுப்பிவிட்டு, தண்ணீர் குடித்தேன்.

டாக்டரம்மா ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டார். கால் மணி நேரம் குரல் இறங்கிக்கொண்டே போனது, கடைசியில் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. என்ன சொன்னார் என்பது எனக்கும் அவருக்கும் இடையில் இருக்கட்டும். சர்வர் மேடத்திடமே இருக்கும் என்று முடிந்தது. மிச்சம் முப்பத்துமூன்று பேர் வரும்போதும் வாரை அவிழ்க்க நானும் கூட நிற்க வேண்டும் என்றும் முடிந்தது.

அங்கிருந்து நேராக சர்வர் அறைக்குப் போய் வாசலில் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "சொல்லியாச்சு மேடம்" என்றேன்.

"மெயில் பாத்தேன் சார்."

"நான்தான்னு உங்களுக்கு முன்னாடியே…"

"யாரு மாத்துனாங்க, எத்தனை மணிக்குன்னு அந்த பேக்கப் சாஃப்ட்வேர்லயே எழுதியிருக்கும் சார். வந்து உக்காந்த அன்னிக்கே பாத்துட்டேன்."

அன்று அவர் திறந்து மூடிய பக்கம் நினைவுக்கு வந்தது. "அப்ப டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் சொன்னா அது நான் சொன்னது சார். நீங்க சொன்ன மாதிரி ஆவுமா?"

அவர் எழுந்து காலண்டர் பக்கம் போனார். அன்றைய கட்டத்தில் ஆறு மெயிலுக்கான டிக் ஏற்கெனவே இருந்தது. பச்சைப் பேனாவை எடுத்து அதன் பக்கத்தில் இன்னொரு டிக் போட்டார்.

"இது எதுக்கு மேடம்?"

"ஏழாவது ஒண்ணு வர வேண்டியிருந்துச்சு சார்" என்றார். "நாலு நாளா எண்ணிட்டிருந்தேன்."